பழைய இந்தியப் படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? ஏழு மாதத் திட்டம், செலவுக் கணக்கோடு

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வேகம் வந்தது. இந்திய சினிமாவை முதலிலிருந்து, வருட வரிசையில் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 1913 என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன். மூன்றாவது வாரம் நோட்டு அலமாரிக்குப் போய்விட்டது.

ஏன் என்று கேட்டால், வரிசையின் தலைப் பக்கத்தில் பார்ப்பதற்கே ஒன்றும் இல்லை. இந்தியாவின் முதல் கதைப் படமான பால்கேயின் ராஜா ஹரிச்சந்திரா முழுசாகக் கிடையாது. இருக்கிற துண்டுகூட 1913-இல் எடுத்ததா, 1917-இல் அவரே திரும்ப எடுத்ததா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. 1931 மார்ச்சில் வந்த முதல் பேசும் படம் ஆலம் ஆரா இல்லவே இல்லை. அதே வருடம் அக்டோபரில் வந்த, தமிழின் முதல் பேசும் படமான நம் காளிதாஸும் போயே போய்விட்டது. ஆக, 'ஆரம்பத்திலிருந்து ஆரம்பி' என்கிற அறிவுரை இந்த விஷயத்தில் செல்லாது.

அப்புறம் வேறு வழியில் தொடங்கினேன். அதிலும் ஒன்றரை வருடம் மோசமான பிரதிகளைப் பார்த்தே வீணாகப் போனது. நீங்கள் அந்தச் சுற்று சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். யார் எப்போது பிறந்தார், எந்த ஸ்டுடியோ எப்போது மூடியது என்பதெல்லாம் இதில் வராது. எதை, எந்த வரிசையில், எந்தப் பிரதியில், எவ்வளவு செலவில் பார்ப்பது என்பது மட்டும்தான்.

1. முதலில் நேரத்தையும் பணத்தையும் கணக்குப் போடுங்கள்

முப்பது படம் போதும். வாரம் ஒன்று. பழைய படங்கள் சராசரியாக இரண்டரை மணி நேரம் ஓடும் என்று வைத்தால் மொத்தம் 75 மணி நேரம். மே மாதம் தொடங்கினால் நவம்பர் கடைசியில் முடியும். மே என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நவம்பர், டிசம்பரில் கோவாவிலும் திருவனந்தபுரத்திலும் திரைப்பட விழாக்கள் வரும். அதற்குள் கண் பழகியிருக்கும்.

வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று அடுக்காதீர்கள். நான் ஒரு விடுமுறை வாரத்தில் ஆறு பார்த்தேன். இன்று அவற்றில் எந்தக் காட்சி எந்தப் படத்தில் வந்தது என்று கேட்டால் விழிப்பேன்.

பணம்: வீட்டில் இருந்தே பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இணையம் எப்படியும் இருக்கிறது. ஓடிடி சந்தாவை வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டாம். பழைய படங்கள் இந்தத் தளத்தில் இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் சொல்லாமல் கிளம்பிவிடும். எந்த நாலு படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று முதலில் தேடிக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். ஏழு மாதத்தில் மூன்று மாதச் சந்தாதான் எனக்குத் தேவைப்பட்டது. பயணச் செலவு தனி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2. ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடங்கள்

பட்டியல் என்று இணையத்தில் தேடினால் 'பார்த்தே ஆக வேண்டிய நூறு' என்று வந்து குவியும். முக்கால்வாசி இந்திப் படங்கள், மீதிக்கு ஒப்புக்கு இரண்டு வங்காளம். அந்தப் பட்டியல்களில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பாதை இருக்காது. எனக்குக் கைகொடுத்தது வேறு முறை: தெரிந்த ஒரு படத்தில் தொடங்கி, அதில் வேலை செய்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போவது. நடிகரை வேண்டாம். இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் இவர்களில் ஒருவர். இவர்கள்தான் மொழி விட்டு மொழி போய் வேலை செய்திருக்கிறார்கள்.

நான் நடந்த பாதை இது. அப்படியே நீங்களும் நடக்கலாம்.

பாலு மகேந்திராவின் அழியாத கோலங்கள் (1979). தமிழ்தான், சிரமம் இல்லை. இசை சலீல் சௌத்ரி. அதில் எஸ்.பி.பி. பாடும் ஒரு பாட்டின் மெட்டு, அதற்கு முன்பே ஆனந்த் (1971) என்ற இந்திப் படத்தில் லதா பாடியது. சரி, ஆனந்தைப் பாருங்கள். அதன் இயக்குநர் ரிஷிகேஷ் முகர்ஜி. இந்த ரிஷிகேஷ் முகர்ஜியும் சலீலும் சேர்ந்தே கேரளக் கடற்கரைக்கு வந்திருக்கிறார்கள்: செம்மீன் (1965). ஒருவர் படத்தொகுப்பு, ஒருவர் இசை. இன்னும் பின்னால் போனால் பிமல் ராயின் தோ பீகா ஜமீன் (1953). கதை சலீலுடையது, இசையும் அவரே, படத்தொகுப்பு ரிஷிகேஷ். பிமல் ராய் யார் என்று பார்த்தால், கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் ஒளிப்பதிவாளராக இருந்தவர். பாடகர் சைகல் நடித்த இந்தி தேவ்தாஸை (1935) படம்பிடித்தவர். தமிழில் தொடங்கி ஐந்தே படத்தில் முப்பதுகளுக்கு வந்துவிட்டோம். வழியில் இந்தி, மலையாளம், வங்காளத்து ஆட்கள் எல்லாரும் அறிமுகம்.

செம்மீனிலிருந்து இன்னொரு கிளை பிரியும். அதன் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி. மாயா பஜாரும் (1957) அவர் கைவண்ணம்தான். கல்யாண சமையல் சாதத்தைச் சின்ன வயதில் டிவியில் பார்த்துச் சிரித்தவர்கள், இந்த முறை நிலா வெளிச்சத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

மூன்றாவது பாதை மைசூர்க்காரரான ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தியோடு. குரு தத்தின் பியாசா (1957), காகஸ் கே பூல் (1959). மூர்த்தியிடம் உதவியாளராக இருந்தவர் கோவிந்த் நிஹலானி. அவர் இயக்குநர் ஷியாம் பெனகலுக்கு அங்கூர் (1974), மந்தன் (1976) ஒளிப்பதிவு செய்துவிட்டு, பிறகு தானே இயக்கியது ஆக்ரோஷ் (1980), அர்த் சத்யா (1983). பாட்டு வழியும் ஐம்பதுகளிலிருந்து பாட்டு அதிகம் இல்லாத எண்பதுகளுக்கு ஒரே குரு–சீடர் வரிசையில் வந்து சேர்கிறோம்.

இந்த மூன்று பாதையில் ஒரு டஜன் படம் ஆகிவிடும். மீதியை இப்படி நிரப்பலாம்: வங்காளத்துக்கு பதேர் பாஞ்சாலி (1955), மேகே டாக்கா தாரா (1960), கன்னடத்துக்கு சம்ஸ்காரா (1970), மலையாளத்துக்கு சுயம்வரம் (1972), எலிப்பத்தாயம் (1981), மராட்டிக்கு சந்த் துக்காராம் (1936). கூட்டத்தோடு ரசிக்க மதர் இந்தியா (1957), ஷோலே (1975). தமிழில் சந்திரலேகா (1948), உதிரிப்பூக்கள் (1979). தொண்ணூறுகளுக்குப் பிறகு உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

சப்டைட்டில் படித்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒன்று: எல்லாவற்றுக்கும் முன்னால் புஷ்பக் (1987) பார்த்துவிடுங்கள். வசனமே கிடையாது. தமிழில் பேசும் படம் என்ற பெயரில் வந்த அதேதான். ஒரு படத்தைக் கண்ணால் மட்டும் தொடர்வது எப்படி என்று அது இரண்டு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடும்.

3. பிரதியைச் சோதிக்காமல் உட்காராதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை யூடியூபில் போட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில், "இந்த இடத்துல ஒரு பாட்டு வருமேடா, அவ கிணத்தடியில நின்னு பாடுவாளே" என்றார். வரவில்லை. படம் முடியும் வரை மூன்று தடவை அப்படிச் சொன்னார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் இருபத்தேழு நிமிடம் காணோம். அதற்கு முன்னால் நான் பார்த்து முடித்ததாக டிக் போட்டிருந்த படங்களில் எத்தனை இப்படி என்று யாருக்குத் தெரியும்! அன்றிலிருந்து பத்து நிமிடச் சோதனை இல்லாமல் எந்தப் படத்தையும் தொடங்குவதில்லை.

முதல் சோதனை, சென்சார் சான்றிதழ். படம் தொடங்கும் முன் ஒரு காகிதம் திரையில் சில விநாடி நிற்குமே, நாம் எல்லாரும் ஓட்டிவிடுவது, அதேதான். அங்கே நிறுத்தி வையுங்கள். அதில் ரீல் எண்ணிக்கையும் மொத்த நீளமும் இருக்கும். 35 எம்.எம். ஃபிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நீளத்தை 90 ஆல் வகுத்தால் நிமிடக் கணக்கு வந்துவிடும். 14,400 அடி என்றிருந்தால் 160 நிமிடம். மீட்டரில் இருந்தால் 27.4 ஆல் வகுங்கள். 3,900 மீட்டர் என்றால் சுமார் 2 மணி 22 நிமிடம். உங்கள் திரையில் காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்தாறு நிமிடம் குறைந்தால் பதற வேண்டாம். பழைய டிவிடியிலிருந்து ஏற்றிய பிரதி பல நேரம் விநாடிக்கு 24 சட்டத்துக்கு (ஃப்ரேம்) பதில் 25 ஓடும். நூறு நிமிடத்துக்கு நாலு நிமிடம் அதிலேயே போய்விடும். அது வெட்டு இல்லை. பத்துக்கு மேல் குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சான்றிதழில் இரண்டு பொறி உண்டு. ஒன்று, அதிலுள்ள தேதியைப் படம் வெளியான தேதி என்று எடுத்துக்கொள்வது. அந்தக் காலத்தில் சான்றிதழுக்குப் பத்து வருடம்தான் ஆயுள். மறுபடி திரையிட மறுபடி வாங்குவார்கள். ஐம்பதுகளின் படத்துக்கு எழுபதுகளின் சான்றிதழ் இருப்பது சாதாரணம். நான் ஒரு படத்தைப் பத்து வருடம் தள்ளி நோட்டில் எழுதி வைத்தது இப்படித்தான். இன்னொன்று, போர்க்காலப் படங்கள். இரண்டாம் உலகப் போரில் ஃபிலிம் சுருளுக்குத் தட்டுப்பாடு வந்து, படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. வகுத்துப் பாருங்கள், இரண்டு மணி நேரம் சொச்சம். 1943, 44 படங்கள் சீக்கிரம் முடிந்தால் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். எடுத்ததே அவ்வளவுதான்.

சான்றிதழே இல்லாத பிரதி என்றால் இடைவேளை அட்டையைத் தேடுங்கள். அது படத்தின் நடுவில், ஏறக்குறைய சரிபாதியில் வர வேண்டும். ஐம்பது நிமிடத்திலேயே இடைவேளை வந்து, அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் ஓடினால், முதல் பாதியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது சோதனை, சட்டகம். ஐம்பதுகள் வரை வந்த படங்கள் கிட்டத்தட்ட சதுரமாக, பழைய டிவி பெட்டி வடிவத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். பட்டை இல்லாமல் திரை முழுக்க நிறைந்திருந்தால் மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறார்கள் அல்லது ஆட்களை அகலமாக இழுத்திருக்கிறார்கள். நெற்றி தெரியாத கதாநாயகி, தரை தெரியாத நடனம் என்றால் அது முதல் வகை. எல்லாரும் குண்டாகத் தெரிந்தால் இரண்டாவது. அகலத் திரைக்காக எடுத்த சினிமாஸ்கோப் படங்களில் இதற்கு நேர்மாறு: பக்கவாட்டில் வெட்டுவார்கள். காகஸ் கே பூல் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். அதன் அகலம் குறைந்த பிரதியைப் பார்ப்பதும் பார்க்காமல் இருப்பதும் ஒன்று.

மூன்றாவது, நிறம். மொகலே ஆஸம் (1960) பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, சில பகுதி மட்டும் அப்போதே வண்ணத்தில் எடுத்தது. 2004-இல் முழுக்க வண்ணம் பூசி வெளியிட்டார்கள். அந்தப் பதிப்பில் நீளமும் குறைந்தது. முதல் தடவை பார்க்கிறவர்கள் பழையதைத் தேடிப் பாருங்கள். கண்ணாடி அறைப் பாட்டில் திடீரென்று வண்ணம் வரும்போது அந்தக் கால ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அதில்தான் புரியும். மாயா பஜாரில் வேறு சிக்கல். தமிழும் தெலுங்கும் தனித்தனியாக எடுத்த படங்கள். தமிழில் ஜெமினி கணேசன் செய்த அபிமன்யுவைத் தெலுங்கில் நாகேஸ்வர ராவ் செய்திருப்பார். 2010-இல் வண்ணம் பூசியது தெலுங்குப் படத்துக்கு.

நான்காவது, முடிவு. ஷோலேயை இயக்குநர் எடுத்த முடிவு ஒன்று, சென்சாருக்காக மாற்றி 1975-இல் திரைக்கு வந்த முடிவு வேறு. இரண்டு பதிப்பும் உலவுகின்றன. தாக்கூர் கடைசியில் என்ன செய்கிறார் என்பதில் நீங்களும் உங்கள் சித்தப்பாவும் சண்டை போட்டால் இரண்டு பேருமே சரியாக இருக்கலாம்.

ஐந்தாவது, பாட்டுக்குச் சப்டைட்டில் இருக்கிறதா? வசனத்துக்கு மட்டும் போட்டுவிட்டுப் பாட்டு வந்ததும் வெறுமனே விட்டுவிடுகிற பிரதிகள் ஏராளம். பியாசாவின் நாயகன் கவிஞன். கதை நடப்பதே சாஹிர் லுதியான்வியின் வரிகளில்தான். பாட்டுக்குப் பொருள் தெரியாமல் பார்த்தால் ஒரு மனிதர் எதற்கோ சோகமாக அலைகிறார் என்று மட்டும் தெரியும். இப்படிப்பட்ட பிரதிதான் கிடைக்கிறது என்றால் முதல் நாளே பாட்டுகளின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

4. மௌனப் படங்களைக் கடைசியில் வையுங்கள், வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்

மௌனப் படக் காலத்தில் இங்கே ஆயிரத்துக்கும் மேல் எடுத்தார்கள். மிஞ்சியவை ஒரு கைக்கு அடக்கம்; அதிலும் பல துண்டுதுண்டாக. அதனால் இதற்கு மூன்று வாரம் போதும். பால்கேயின் காளிய மர்தன் (1919), அதில் கண்ணனாக நடித்தது அவர் மகள் மந்தாகினி. ஷிராஸ் (1928), பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் மறுசீரமைத்து 2017-இல் புது இசையோடு வெளியிட்டது. மார்த்தாண்ட வர்மா (1933), கேரளத்திலிருந்து.

மௌனப் படம் என்றாலே ஆட்கள் பொம்மை மாதிரி வெடுக் வெடுக்கென்று நடப்பார்கள் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அப்படி நடிக்கவில்லை, பாவம். விநாடிக்கு 16, 18 சட்டம் என்று கையால் சுற்றி எடுத்ததை 24-இல் ஓட்டினால் அப்படித்தான் தெரியும். யூடியூபில் வேகத்தை 0.75 என்று வையுங்கள். 18-இல் எடுத்தது சரியான நடைக்கு வந்துவிடும். ஏற்கெனவே சரிசெய்த பிரதி என்றால் நீருக்குள் நடப்பது போல் இழுக்கும். அப்போது பழையபடி வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் நடப்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

5. எங்கே தேடுவது, எது சட்டத்துக்கு உட்பட்டது

தமிழிலோ ஆங்கிலத்திலோ பெயரை அடித்தால் ஒரே பெயரில் பத்துப் படம் வரும். பெயரை அந்தந்த மொழி எழுத்திலேயே நகலெடுத்து ஒட்டி, பக்கத்தில் வருடத்தையும் இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். எனக்கு வங்காளப் படங்களின் நல்ல பிரதிகள் இப்படித்தான் கிடைத்தன.

இலவசமாக, சங்கடமில்லாமல் பார்க்க: பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலி, ஃபிலிம்ஸ் டிவிஷனின் யூடியூப் பக்கம். இரண்டாவதில் அரசு எடுத்த ஆவணப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. சினிமா வரலாறு என்றால் கதைப் படம் மட்டும்தான் என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன், தப்பு. ஐ ஆம் 20 (1967) பத்தொன்பது இருபது நிமிடம்தான். சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், சோறு ஆறிப்போனது.

உரிமை விஷயம்: இந்தியச் சட்டப்படி படத்தின் காப்புரிமை, வெளியான அடுத்த வருடம் ஜனவரியிலிருந்து 60 வருடம். 1955-இல் வந்த பதேர் பாஞ்சாலிக்கு 2015 முடிவோடு சரி. ஆனால் மறுசீரமைத்த பிரதிக்கு வேலை செய்தவர்கள் வேறு, வெளியிடுபவர்கள் வேறு. படம் பொதுவுடைமை ஆகிவிட்டது என்று அவர்கள் பிரதியை எடுத்து உங்கள் பக்கத்தில் ஏற்றினால் வில்லங்கம்தான். பார்ப்பதோடு நில்லுங்கள். பதேர் பாஞ்சாலியைப் பொறுத்தவரை அந்த மறுசீரமைப்புப் பிரதிதான் பார்க்க வேண்டியது. மூல நெகட்டிவ் 1993-இல் லண்டன் தீ விபத்தில் வெந்துபோய், மிஞ்சியதையும் வேறு பிரதிகளையும் வைத்து 2015-இல் ஒட்டி உயிர்கொடுத்தார்கள். அதற்கு முந்தைய பிரதிகளில் மழைக் காட்சியே சாம்பல் கரைசலாகத் தெரியும்.

தியேட்டரில் பழைய படம் வந்தால் மற்ற வேலையைத் தள்ளிப் போடுங்கள். 2024 ஜூனில் மந்தன் மறுசீரமைத்து ஊர் ஊராக வந்தது, இரண்டே நாள். குஜராத்தில் ஐந்து லட்சம் பால்காரர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த படம் அது. அதே வருடம் டிசம்பரில் ராஜ் கபூர் நூற்றாண்டுக்கு அவர் படங்கள் மூன்று நாள் ஓடின, டிக்கெட் நூறு ரூபாய். இப்படிப்பட்டவை பெரும்பாலும் மல்டிபிளெக்ஸ்களில்தான் வரும், வாரக் கடைசியில் வரும், விளம்பரம் இருக்காது. பழைய படங்களை மறுசீரமைக்கிற ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனையும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தையும் சமூக வலைத்தளங்களில் பின்தொடர்ந்தால் தகவல் வந்துவிடும்.

6. காகிதங்களையும் படியுங்கள்

இரண்டே இரண்டு போதும். ஆஷிஷ் ராஜாத்யக்ஷாவும் பால் வில்லமனும் தொகுத்த இந்திய சினிமா கலைக்களஞ்சியம். இதன் பதிவுகளை இண்டியன்சினி.மா தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பாதை போடுவதற்கு இதுதான் ஆதாரம். யார் எந்தப் படத்தில் என்ன வேலை என்று ஒழுங்காக இருக்கும். இரண்டாவது தியடோர் பாஸ்கரனின் எம் தமிழர் செய்த படம்.

ருசி கண்டவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று. 1927–28-இல் நம் ஊர் வக்கீல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அரசு ஒரு சினிமா விசாரணைக் குழு போட்டது. ஊர் ஊராகப் போய் சாட்சி வாங்கினார்கள். அறிக்கையும் சாட்சியங்களும் ஆர்க்கைவ்.ஆர்க் (archive.org) தளத்தில் கிடக்கின்றன. தியேட்டர்காரரும் அதிகாரியும் கேள்விக்குப் பதில் சொல்வது அப்படியே இருக்கிறது. முழுக்கப் படிக்க வேண்டாம், சென்னைப் பகுதியை மட்டும் புரட்டுங்கள்.

7. நேரில் போக வேண்டிய இடங்கள்

இது கட்டாயம் இல்லை. போவதென்றால் ஒரே பயணத்தில் புனேயையும் மும்பையையும் முடிக்கலாம். சென்னையிலிருந்து மும்பை போகிற ரயில் புனே வழியாகத்தான் போகிறது. நான் போனபோது ஸ்லீப்பர் ஒரு வழிக்கு எழுநூறு ரூபாய் சுமார்.

புனேயில் லா காலேஜ் சாலையில் இருக்கிறது தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். அதே சாலையில் திரைப்படக் கல்லூரி. பழைய பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடம் அது. சந்த் துக்காராம் பிறந்ததும் பாலு மகேந்திரா படித்ததும் அங்கேதான். உங்கள் முதல் படமும் முப்பதுகளின் படமும் ஒரே வாசலில் சந்திக்கும்.

மும்பையில் பெடர் ரோட்டில் இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகம், 2019-இல் திறந்தது. பழைய குல்ஷன் மஹால் பங்களா ஒன்று, புதுக் கட்டடம் ஒன்று. நான் போனபோது நுழைவு 20 ரூபாய். திங்கள்கிழமை விடுமுறை. காலை பதினொன்றுக்கு நுழைந்தால் மூன்று மணி நேரம் சரியாக இருக்கும். முதலில் பங்களா, பிறகு புதுக் கட்டடம்.

சென்னையிலேயே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. காணாமல்போன படத்தின் கதைச் சுருக்கம் பல நேரம் பாட்டுப் புத்தகத்தில்தான் உயிரோடு இருக்கும். அம்மா சொன்ன கிணற்றடிப் பாட்டின் வரிகளை நான் கண்டுபிடித்ததும் ஒரு பாட்டுப் புத்தகத்தில்தான்.

எந்தக் காப்பகத்துக்கும் போகும் முன் மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். நான் ஒரு காப்பகத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய், வாசல் காவலரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பினேன். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: அடையாள அட்டையின் அசலும் நகலும், நீங்கள் மாணவர் என்றால் துறைத் தலைவர் கடிதம், வேலையில் இருப்பவர் என்றால் என்ன பார்க்க வேண்டும், எதற்கு என்று ஒரு பக்கத்தில் எழுதியது. 'பழைய படம் பார்க்கணும்' என்று சொல்லிப் போனால் யாராலும் உதவ முடியாது. பெயர், வருடம், மொழி என்று ஐந்து படத்தின் பட்டியலோடு போனால் பேச்சே வேறு.

8. விழாவுக்குப் பதிவு செய்வது

கோவாவில் இந்தியாவின் சர்வதேசத் திரைப்பட விழா பெரும்பாலும் நவம்பர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். கேரள விழா டிசம்பரில், திருவனந்தபுரத்தில், எட்டு நாள். புதியவர்களுக்கு நான் சொல்வது கேரளம். நாகர்கோவில்காரர்களுக்குக் காலையில் போய் இரவு திரும்பும் தூரம். கைரளி, ஸ்ரீ, நிளா மூன்று திரையும் தம்பானூரில் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கூட்டமும் வேறு மாதிரி. டீக்கடை வரிசையில் நிற்பவர் உங்களிடம் சுயம்வரம், எலிப்பத்தாயம் இயக்கிய அடூரைப் பற்றிச் சண்டைக்கு வருவார்.

நான் பதிந்த வருடம் வரியோடு சேர்த்து 1,180 ரூபாய், மாணவருக்கு அதில் பாதி. வேண்டியவை பாஸ்போர்ட் அளவுப் படம், அடையாள அட்டை, மாணவர் என்றால் கல்லூரிச் சான்று. படத்தையும் சான்றையும் முன்கூட்டியே சின்ன அளவில் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். பதிவு திறந்த உடனே செய்துவிடுங்கள், கடைசி வாரத்துக்கு விட்டால் இடம் இருக்காது. பாஸை நேரில்தான் வாங்க வேண்டும். முதல் நாள் காலை வரிசை பயங்கரமாக இருக்கும், முந்தின நாள் மாலையே போய் வாங்கிவிடுங்கள்.

பாஸ் கையில் இருந்தால் எந்தப் படத்துக்கும் நுழையலாம் என்று நினைத்துப் போய் முதல் நாள் மூன்று படத்துக்கு வெளியே நின்றேன். ஒவ்வொரு காட்சிக்கும் முந்தைய நாளே செயலியில் இருக்கை பிடிக்க வேண்டும். புது வெளிநாட்டுப் படங்களுக்கு அது நிமிடங்களில் தீர்ந்துவிடும். நமக்கு வேண்டிய மறுசீரமைத்த பழைய படங்களுக்கு அந்தப் போட்டி கிடையாது, காலைக் காட்சியில் நிம்மதியாக உட்காரலாம்.

தங்குமிடத்துக்கு நாளைக்கு ஆயிரத்துக்குள் தம்பானூர் பக்கம் லாட்ஜ் கிடைத்தது. சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து நாலு நாளுக்கு எனக்கு ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. விழா தேதி அறிவித்ததும் காலண்டரில் அந்த நாளைக் குறித்து, காலை எட்டு மணிக்குத் தயாராக இருங்கள். டிசம்பர் என்றால் சபரிமலைக் கூட்டமும் அதே ரயிலில்தான்.